உள்ளான் கம்பவுண்டரும் வற்றிப்போன கடலும்

எங்கள் சங்கரன்கோவிலில் மட்டுமல்ல, வடக்கே ராஜபாளையம் தொடங்கித் தெற்கே திருநெல்வேலி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் உள்ளான் கம்பவுண்டரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. பந்தயம் கட்டிச் சொல்வேன். நாய்க்குப் பயம், பல்லிக்குப் பயம், பஸ் ஓடினால் பயம், பஸ் நின்றுவிட்டால் அதைவிடப் பயம். இடிக்குப் பயப்படுகிற ஆட்களை நானும் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். மின்னல் அடித்து இடி கேட்காமல் போனால், "இடி எங்க வே போச்சு?" என்று நடுங்கிய ஒரே மனிதர் அவர்தான்.

இப்பேர்ப்பட்டவர் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? ஊசி போடுவது! எங்கள் தெருவில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்து, மருந்தை ஏற்றி, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு "கண்ண மூடிக்கிடும்" என்பார். நோயாளி மூடிக்கொள்வார். தைரியசாலி யாராவது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் கம்பவுண்டரும் கண்ணை மூடியிருப்பார். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அவர் போட்ட ஊசி யாருக்கும் வலித்ததில்லை. வலித்துவிடுமோ என்கிற பயத்தில் அவ்வளவு பதமாகப் போடுவார். கடையநல்லூர் பாய் ஒருவர் அதில் மனசு குளிர்ந்து, அடுத்த தடவை சவுதியிலிருந்து வந்தபோது ஒரு பைனாகுலரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பவுண்டருக்குப் பறவை என்றால் உயிர் என்பது பாய்க்கும் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரியும். குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து, குளத்தோரச் சேற்றில் குடுகுடுவென்று ஓடிப் புழு பொறுக்குமே, சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை, அதற்குப் பெயர் உள்ளான். கம்பவுண்டருக்கும் அதே குச்சிக் கால், அதே குடுகுடு ஓட்டம். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கீழே கிளினிக், மாடியில் என்னுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எனக்கு அப்போது முப்பது வயது, அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். அவர் எவ்வளவுக்குப் பயந்தவரோ அவ்வளவுக்கு நான் தைரியசாலி. அப்படித்தான் நான் மாடியில் தட்டச்சு படிக்க வருகிற பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன். கம்பவுண்டரைக் கேலி செய்யாமல் எனக்குப் பொழுது விடியாது.

அந்த வருஷம் மழை பொய்த்துப் போனது. ஐப்பசியிலும் இல்லை, கார்த்திகையிலும் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உள்ளான்கள் வரவில்லை. கம்பவுண்டர் தினமும் காலையில் நாலு நாய்களுக்குப் பயந்து ஒரு மைல் சுற்றிக் குளக்கரைக்குப் போய், வெறும் மண்ணைப் பைனாகுலரால் பார்த்துவிட்டு வருவார். முகம் செத்துப் போயிருக்கும்.

அவருடைய கவலை எல்லா உள்ளானையும் பற்றியது இல்லை. ஒரே ஒரு உள்ளானைப் பற்றியது. யாரோ வைத்த கண்ணியில் மாட்டி ஒரு கால் மடங்கிப்போன பறவை அது. மூன்று வருஷமாகத் தவறாமல் எங்கள் குளத்துக்கு வந்துகொண்டிருந்தது. நொண்டி என்று பெயர் வைத்திருந்தார்.

"அது ஒத்தக் கால வச்சுக்கிட்டு எங்கன போயி நிக்கும் வே?" என்று என்னிடம் கேட்டார். மருந்து மிக்சர் கலக்கும்போதும் இதே புலம்பல்தான். டாக்டர் ஒருநாள் திட்டியே விட்டார்.

அப்போதுதான் உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர் காய்ச்சலுக்கு ஊசி போட வந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டினால் ஆறு கடலில் சேருகிற இடத்தில் பறவையாய்க் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நிமிஷம் கம்பவுண்டர் என் மாடிப்படியில் ஏறி வந்தார்.

"மாஸ்டர், நொண்டி உயிரோட இருக்கான்னு ஒரு நட பாத்துட்டு வந்துருவோம் வே. தனியாப் போறதுக்கு எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம் அண்ணாச்சி? நான் இருக்கேன்லா, வாரும்!" என்றேன், எதிரே நாலு பிள்ளைகள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குள் முதல் பஸ். ஏறும்போதே கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை என் நெற்றியிலும் பூசிவிட்டார். கழுகுமலை தாண்டும் வரைக்கும் டிரைவர் தூங்குகிறாரா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்து, மூன்றாவது தடவை டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கோவில்பட்டியில் பஸ் மாறியதும் வேறு பயம். கடற்கரைப் பக்கம் கடத்தல்காரர்களைப் பிடிக்கச் சுங்க அதிகாரிகள் சாதா உடையில் சுற்றுவார்களாம். பைனாகுலரோடு பிடிபட்டால் ஜாமீன்கூடக் கிடையாதாம். அதைத் துண்டில் சுற்றி, இட்லிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். அவர் முழித்த முழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத அதிகாரிகூடப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்.

தூத்துக்குடியில் டவுன் பஸ் பிடித்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, உப்பளத்து வரப்பு வழியாக ஒரு மணி நேரம் நடந்தோம். கரையில் ஒரு ஓலைக் குடிசை, நாலைந்து பனை. அதற்கு அப்பால் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டோம். கடலைக் காணோம்! கடல் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் ஈர மணலும் சேறும். தூரத்தில் ஒரு மணல் திட்டு. அதன்மேல் ஆயிரம் ஆயிரமாகப் பறவைகள்.

கம்பவுண்டர் குனிந்து ஈர மணலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வருத்தமாகச் சொன்னார்: "இங்கயும் மழை இல்லல்லா வே. கடலே வத்திட்டு."

சிரிக்காதீர்கள். ஐந்து இயந்திரங்களை வைத்து இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் வரைக்கும் சொல்லிக்கொடுக்கிற நானும், "ஆமா அண்ணாச்சி, நல்லாத்தான் வத்திருக்கு" என்றேன். எங்களுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குளத்துத் தண்ணீர்தான். குளம் வற்றினால் வற்றியதுதான், மறுபடி பெருக அடுத்த ஐப்பசி வர வேண்டும். நடுவில் ஆடு மேய்க்கலாம், பந்து விளையாடலாம், குறுக்கு வழியாக அடுத்த ஊருக்கே நடக்கலாம். காலையில் போன தண்ணீர் மத்தியானம் திரும்பி வரும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. கணுக்கால் அளவு தண்ணீர். கடந்து போய்த் திட்டின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பறவைகளை நெருங்கினோம். அப்போதுதான் எங்களுக்கு வந்தது முதல் சோதனை.

அத்தனை உள்ளானும் ஒற்றைக் காலில் நின்றன.

குளிருக்கு அவை ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தூங்குமாம். "சவத்தெளவு! இதுல நொண்டி எது, தூங்குமூஞ்சி எது வே?" என்று கம்பவுண்டர் தலையில் கை வைத்தார். வேறு ஆளாக இருந்தால் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் சேற்றில் குந்தி உட்கார்ந்து, பைனாகுலரைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பறவையாக மற்றக் காலைக் கீழே வைக்கும் வரைக்கும் காத்திருக்க ஆரம்பித்தார். ஒன்று காலை வைத்ததும் "நீ இல்ல, போ" என்பார். அடுத்தது. "நீயும் இல்ல." நாயில்லை, பல்லியில்லை, சுங்க அதிகாரியில்லை, அவருக்கு அன்றைக்கு எந்தப் பயமும் நினைவில் இல்லை. வெயில் ஏறியது. ஒரு இருநூறு பறவை முடிந்திருக்கும்.

கரையிலிருந்து யாரோ கத்துவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குடிசைப் பக்கம் ஒரு ஆள் துண்டைத் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒருத்தரு கூப்பிடுதாரு."

கம்பவுண்டருக்கு முகம் வெளுத்தது. "திரும்பிப் பாக்காதிரும் வே! கஸ்டம்ஸுதான். பைனாகுலர் கண்ணாடியப் பாத்துட்டான். அங்குட்டு நகந்துருவோம்."

இரண்டு பேரும் குனிந்தபடியே திட்டின் மறுகோடிக்கு, கடல் பக்கமாக ஓடினோம். கத்தல் இன்னும் பெரிதானது. நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம்.

மறுகோடியில் மறுபடியும் குந்தி உட்கார்ந்தார். நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் பதித்து வந்த காலடிக் குழிகளில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தேன். ஊற்று என்று நினைத்தேன். பிறகு திட்டின் அந்தக் கோடியில் கழற்றி வைத்த என் செருப்பைப் பார்த்தேன். ஒன்றைக் காணோம். மற்றது மெல்ல மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றி, என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நடந்து வந்த ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. அகலமாக ஒரு ஆறு பளபளத்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்து என்ன செய்ய? வீட்டில் மனைவி ஏழு மாதம். தூத்துக்குடியில் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இங்கே போய்ச் சேர்ந்தால் எங்கே போனேன் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, தண்ணி வருது! எந்திரியும்!"

"இரும் வே. இந்தக் கூட்டத்துல இன்னும் ஒரு நூறுதான் பாக்கி."

"செத்துருவோம் அண்ணாச்சி!"

"நொண்டியப் பாக்காம நான் வரல. நீரு போம்."

எப்படிப் போவேன்? தனியாக அந்தத் தண்ணீரில் கால் வைக்கிற தைரியம் எனக்கு இல்லை. அப்போது அலை ஒன்று திட்டின் விளிம்பை நனைத்தது. பறவைகளெல்லாம் ஒரே மூச்சாகக் கிளம்பின. தலைக்கு மேலே வளைந்து திரும்பி, கரை ஓரமாகப் போய் இறங்கின. எனக்கு என்ன தோன்றியதோ, கையை நீட்டிக் கத்தினேன்.

"அந்தா! அந்தா நொண்டி! கடேசியா எறங்குச்சு பாரும், நொண்டி நொண்டிப் போவுது! பாத்துட்டேன் அண்ணாச்சி! கரைக்குப் போயிட்டு!"

கம்பவுண்டர் பைனாகுலரை இறக்கினார். கரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் ஒரு தரம் பார்த்தார்.

"பாத்துட்டீரா? அப்போ சரி. கெளம்புவோம்" என்று எழுந்தார்.

எழுந்து திரும்பித் தண்ணீரைப் பார்த்ததும்தான் அவருக்குப் பழைய உயிர் திரும்பியது. அதாவது, நடுங்க ஆரம்பித்தார். பல் தந்தியடித்தது. "சங்கரா! ஏ கோமதி! என்ன வே இது, குளம் பெருகுன மாதிரில்லா இருக்கு!" என்று அழாக்குறையாகச் சொன்னார். தைரியசாலியான நானோ அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஆனால் நடுங்கிக்கொண்டே அவர் என்னையும் இழுத்துக்கொண்டு திட்டின் கரைப் பக்க விளிம்புக்கு வந்து தண்ணீரை உற்றுப் பார்த்தார். நடுவில் பூநாரைகள் கொஞ்சம், வரிசையாக இரை தேடிக்கொண்டிருந்தன. குச்சி குச்சியான நெடுங்கால் பறவைகள்.

"மாஸ்டர், மருந்துச் சீசாவுல ஒரு வேளைக்கு இம்புட்டுன்னு அளவுக் காயிதம் வெட்டி ஒட்டுதோம்லா? அந்த மாதிரிதான் வே பறவைக்குக் காலு. இந்தா, இந்தக் கோடியில நிக்குதுல்லா, அதுக்கு வயித்துல தண்ணி தட்டல. நமக்குத் தொடைதான். அங்கன வடக்க பாரும், ரெண்டு நீந்துது. அங்க போனா நாம காலி."

"நாம போனா பறந்துருமே அண்ணாச்சி!"

"பறக்கட்டும். நிக்கிற வரிசைக்கு நேரே கரையில ரெட்டப் பனை இருக்கு, பாத்துக்கிடும். கண்ண எடுக்காதிரும்."

என் கையைப் பிடித்தார். அவர் கை கிடுகிடுவென்று ஆடியது. அந்த ஆட்டத்தோடேயே முன்னால் இறங்கினார். முழங்கால். தொடை. சேறு காலை உள்ளே இழுத்தது. ஒரு காலை உருவினால் மறு கால் புதைந்தது. அவருக்கு வாய் ஓயவில்லை. "திருக்கை மீனு கெடக்குமா வே? முள்ளு வச்சு அடிக்குமாம்லா. நண்டு கடிக்குமா? பாம்பு? கடல்ல பாம்பு உண்டும்னு சொல்லுதாவளே!" ஒவ்வொரு பயத்தையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு எட்டாக வைத்தார்.

பாதி தூரத்தில் பூநாரைகள் எழும்பின. இளஞ்சிவப்பு இறக்கைகளை விரித்து, கழுத்தை நீட்டிக்கொண்டு போயே போய்விட்டன. இப்போது எங்களைச் சுற்றி வெறும் தண்ணீர். எனக்கு இடுப்பு, குட்டையான அவருக்கு நெஞ்சு. பையைத் தலையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கால் எழும்பவில்லை. நின்றுவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தால் தண்ணீரே எங்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"பனையப் பாரும் மாஸ்டர்" என்றார். குரல் உடைந்து வந்தது. "தண்ணியப் பாக்காதிரும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயந்துகிட்டே நடப்போம், வாரும்."

நடந்தேன். இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கரையில் துண்டு வீசிய ஆள் பாதித் தண்ணீரிலேயே ஓடி வந்து என் மறு கையைப் பிடித்து இழுத்தார். அவர் ஒரு மீனவர்.

"ஏம்ப்பா, வெள்ளம் ஏறுது, ஏறுதுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன், நீங்க பாட்டுக்கு அங்குட்டு ஓடுதீங்களே! எந்த ஊரு?"

"சங்கரன்கோவில்" என்றார் கம்பவுண்டர், பல்லடித்துக்கொண்டே. "மழை இல்லாம கடல் வத்திட்டுன்னு நெனச்சோம்."

அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பாவம் பார்த்து ஆளுக்கு ஒரு லோட்டா கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். தலையில் சுமந்து வந்த இட்லியை மூன்று பேரும் தின்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கம்பவுண்டருக்கு ஒரே சந்தோஷம். "நொண்டி உயிரோட இருக்கான் வே!" என்று கோவில்பட்டி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். ஊருக்கு வந்தும் விடவில்லை. ஊசிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம மாஸ்டர்தான் பாத்தாரு. தண்ணி ஏறுது, மனுசன் அசையல. எனக்குத்தான் ஒதறிட்டு" என்று அளந்தார். என் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையே மாறிப்போனது. எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த வருஷம் மழை கொட்டியது. குளம் பெருகி, உள்ளான்கள் வந்தன. நொண்டி வரவில்லை. மார்கழி முழுக்கத் தினமும் காலையில் அவர் கரையில் நின்று தேடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. ஒருநாள் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது பொய். நொண்டிய நான் பாக்கவே இல்ல. மன்னிச்சுக்கிடும்."

அவர் பைனாகுலரை இறக்கவில்லை. "தெரியும் வே" என்றார்.

"தெரியுமா?"

"கண்ணாடி என் கழுத்துலல்லா கெடந்துச்சு. அம்புட்டுத் தூரத்துல எருமை நின்னாலே வெறுங்கண்ணுக்குத் தெரியாது. உமக்கு உள்ளானோட காலு தெரிஞ்சிச்சாக்கும்?"

"பெறகு ஏன் கெளம்புனீரு?"

"உம்ம மூஞ்சியப் பாத்தேன். பயந்தவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? சவரம் பண்ணும்போது தெனமும் பாக்கதுதானே. அந்த மூஞ்சியோட ஒரு மனுசன நிப்பாட்டி வச்சிக்கிட்டு நான் பறவ பாக்கவா?"

"சரி, அதுக்கு ஏன் ஊரு பூரா நான் பாத்தேன், நான் அசையலன்னு சொல்லித் திரிஞ்சீரு?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுதீரு? எனக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேரு வந்து எம்புட்டோ வருசமாச்சு, பழகிட்டு. நீரு நாலு பிள்ளைக்குப் பாடம் சொல்லுத ஆளு. உமக்கு எதுக்கு வே அந்தப் பேரு?" என்று சொல்லிவிட்டு மறுபடி குளத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தால், நீச்சல் தெரியாத நான் இன்றைக்கும் எந்தக் கடலிலும் இறங்குவேன்.